தரையா கடலா என்று பூக் கேட்கப் போனது

என் மகளுக்கு இரண்டு இடத்திலிருந்தும் ஒரே வாரத்தில் அழைப்பு வந்தது. ஒன்று தரைப்படை, இன்னொன்று கடற்படை. இரண்டுமே அதிகாரி வேலைக்கான நேர்முகத் தேர்வு. இரண்டும் வடக்கே வேறு வேறு ஊரில், தேதியும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருந்தது. ஒன்றுக்குப் போனால் இன்னொன்றை விட்டுவிட வேண்டியதுதான். அவள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். 

அவள் எங்களுக்கு வெகுநாள் கழித்துப் பிறந்தவள். இனிமேல் இல்லை என்று ஊரும் உறவும் கைகழுவிய பிறகு, என் தலையில் நரை விழுந்த பிறகு பிறந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனால் வாசலில் நிற்கிறவர்கள், "பேத்தியா?" என்பார்கள். "மக" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்பேன். ஒரே பிள்ளை. அவளைத் துப்பாக்கிக்கும் தண்ணீருக்கும் அனுப்ப வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் கேட்டதில்லை.

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால் பொன்மலையில்தான் போய் நிற்கிறது. என் வீட்டுக்காரர் அங்கே ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுத பூஜை அன்றைக்குக் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் பொரிப் பொட்டலத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்க, இவள் மட்டும் சந்தனம் பூசி மாலை போட்ட இன்ஜினுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்ஜினியரிங் படித்தாள். கல்லூரியில் காக்கி உடுப்புப் போட்டுக்கொண்டு அணிவகுப்புக்குப் போனாள். அந்த உடுப்புக்கு நானே கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும் எனக்கு. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

விமானப்படையும் அவள் மனதில் இருந்தது. கண்ணாடி போட்டவள் என்பதால் விமானம் ஓட்டும் வேலை கிடையாதாம். "ஓட்ட விடாத பிளேனை நான் ஏன்ம்மா சுத்திச் சுத்தி வரணும்?" என்று அவளே விட்டுவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் கோயிலுக்குப் போய்ப் பெருமாளுக்குத் துளசி மாலை கொடுத்துவிட்டு வந்தேன். வானம் ஒழிந்தது. மண்ணும் தண்ணீரும் பாக்கி.

வீட்டுக்காரர் தரைப்படைப் பக்கம். "தரைன்னா ஓடலாம், படுக்கலாம், ஒளியலாம். கடல்ல எங்க போயி ஒளியறது?" என்பார். கூடவே, "எல்லாம் மலிவாக் கிடைக்கிற கேன்டீன் உண்டு" என்பார். அவருக்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கோ இரண்டு பக்கமும் பயம். டீவியில் எல்லை என்று ஒரு வார்த்தை வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். சரி கடல் என்று நினைத்தால், நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கம். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். ஆடியில் தண்ணீர் திறந்துவிட்டால் யாராவது ஒருவரை ஆறு கொண்டுபோகாமல் இருப்பதில்லை. படித்துறையில் பெண்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதையும், தீயணைப்பு வண்டிக்காரர்கள் கயிற்றோடு இறங்குவதையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முழங்கால் தண்ணீருக்கு மேல் அவளை நான் இறங்க விட்டதே இல்லை. ஆறே இப்படி என்றால் கடலை என்னவென்று சொல்ல?

இதை வெளியே சொல்ல முடியுமா? முடியாது. ஏனென்றால் மகள் ஆபீசராகப் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவளே நான்தான். பால் வாங்கும் இடத்தில் ஒருத்தி, "பொம்பளப் புள்ளய பட்டாளத்துக்கு அனுப்பினா அப்புறம் யாருங்க கட்டுவா?" என்று கேட்டாள். "அவ ஆபீசரா வருவா. எவன் கட்டணும்னு அவ பாத்து எடுத்துப்பா. உங்க வீட்டுல யாராவது இருந்தா இப்பவே சல்யூட் அடிச்சுப் பழகச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த பிறகுதான் பார்த்தேன்.

அழைப்பு வருவதற்கு முந்தின மாதங்களில் வீடே பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. விடியும் முன்பே அவள் சித்திரை வீதியைச் சுற்றி ஓடுவாள். அப்பா பின்னாலேயே டீவிஎஸ்ஸில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போவார். கோலம் போடுகிற பெண்கள் மாவுக் கையோடு நிமிர்ந்து பார்ப்பார்கள். மொட்டை மாடியில் தண்டால் எடுப்பாள். கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் யாரோடோ சண்டை போடுவாள். கேட்டால், கூட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்வார்களாம், அதற்குப் பயிற்சியாம்.

ஒரு பரீட்சை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மங்கலான படம் ஒன்றைக் கொஞ்ச நேரம் காட்டுவார்கள், அதைப் பார்த்துக் கதை எழுத வேண்டும். எழுதுகிற கதையை வைத்து ஆள் எப்படி என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். அவள் என்னையும் உட்கார வைத்துக் காட்டினாள். ஆற்றங்கரையில் ஒரு பையன் நிற்கிற படம்.

"என்ன ஆச்சுன்னு சொல்லும்மா."

"கூட வந்தவன் முங்கிட்டான். இவன் அழுவுறான்."

அடுத்தது மலையும் கயிறும்.

"கயிறு அறுந்துடுச்சு."

இன்னொன்றில் ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள்.

"தந்தி வந்திருக்கு."

"இப்பத் தந்தியே கிடையாதும்மா!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்ன அனுப்புனா மொத நாளே ரயில் ஏத்தி விட்டுருவாங்க. அந்தப் பையன் பாலம் கட்டப் போறான், அந்தப் பொண்ணு வேலைக்குக் கிளம்புறா, அப்படி யோசிக்கணும்."

"உனக்கு அப்படித் தெரியுது, எனக்கு இப்படித் தெரியுது. படம் ஒண்ணுதானே?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

நீச்சலும் கற்றுக்கொண்டாள். ஸ்டேடியத்துக் குளத்தில். துண்டை மடியில் வைத்துக்கொண்டு நான் சிமெண்ட் படியில் உட்கார்ந்திருப்பேன். அவள் தலை உள்ளே போனால் என் மூச்சும் உள்ளே போகும். அவள் வெளியே வந்தால்தான் எனக்கும் வெளியே வரும். பயிற்சி கொடுக்கிறவர் ஒருநாள், "அம்மா, நீங்க ஏன் இவ்வளவு வேர்க்குறீங்க? தண்ணியில இருக்கிறது அவங்கதானே" என்றார். வெயில் என்று சொன்னேன். மழை மூட்டமாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டு அழைப்பும் வந்தது. அவளுக்கே தீர்மானம் வரவில்லை. ஒருநாள் தரை என்பாள், மறுநாள் கப்பல் என்பாள். கப்பல் இன்ஜின் பார்க்கிற வேலைக்கு இப்போது பெண்களையும் எடுக்கிறார்களாம், கண்ணாடி போட்டிருந்தாலும் பரவாயில்லையாம். தரைப்படைக்குப் போனால் பயிற்சி சென்னையிலேயே, நினைத்தால் வந்து பார்க்கலாம்.

நான்தான் சொன்னேன், "அம்மன்கிட்ட பூக் கேட்டுடலாம்" என்று.

எங்கள் வீட்டுக்காரர் குடும்பத்தில் பெரிய காரியம் எதையும் பூக் கேட்காமல் செய்ததில்லை. குலதெய்வம் வையம்பட்டிக்கு அப்பால் ஒரு காட்டுக்குள் இருக்கிறது. செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி நார். கேட்கிறவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் குலுக்கிப் போடுவார். நமக்குச் சம்பந்தமில்லாத யாராவது ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். எது வந்தாலும் அதன்படி நடக்க வேண்டும். இன்னொரு தடவை கேட்கக் கூடாது.

படித்த பெண், சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "சரிம்மா. எனக்கும் முடிவு பண்ணத் தெரியல. என்ன வருதோ அதுக்கு நான் கட்டுப்படறேன்" என்றாள்.

திண்டுக்கல் பஸ்ஸில் போகும்போது மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம். வெள்ளை வந்தால் கப்பல், அவர்கள் உடுப்பு வெள்ளை என்பதால். சிவப்பு வந்தால் தரை, எங்கள் வையம்பட்டி மண் நிறம். நான்தான் கேட்க வேண்டும், தாய் என்பதால். "கடலா தரையா, நீயே சொல்லு தாயே" என்று வழியெல்லாம் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பூசாரி வயதானவர், சோளக்காட்டிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். விளக்கேற்றினார். பொட்டலங்களை வாங்கித் தட்டில் வைத்தார். "கேளும்மா" என்றார்.

நான் கையைக் கூப்பினேன். அம்மனின் முகத்தைப் பார்த்தேன். எண்ணெயும் குங்குமமும் ஏறிக் கண் மட்டும் தெரிகிற முகம். அப்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"எம் பொண்ணு போகலாமா, வேண்டாமா? வெள்ளைன்னா போகட்டும். சிவப்புன்னா வீட்டோட இருக்கட்டும். நீயே சொல்லு தாயே."

வழியெல்லாம் சொல்லி வந்த வார்த்தை எங்கே போயிற்று என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பூசாரிக்கு நாங்கள் பேசி வைத்தது தெரியாதே. அவர் தட்டைக் குலுக்கினார், போட்டார். இரண்டு பொட்டலமும் அம்மன் காலடியில் போய் விழுந்தன.

"ஏன்டி, உனக்குப் பைத்தியமா?" என்று வீட்டுக்காரர் கத்தினார். "பஸ்ஸுல என்ன பேசினோம், நீ என்ன கேட்ட? ஐயா, தப்பாக் கேட்டுட்டா. திரும்பக் கேக்கச் சொல்லுங்க."

"கேட்டது கேட்டதுதான். வாய்விட்டு வந்துட்டா அதுதான் கேள்வி" என்றார் பூசாரி.

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பொட்டலங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அணிவகுப்பில் நிற்பது மாதிரி நேராக நின்றாள். கால் கட்டைவிரல் மட்டும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது.

"எடுக்கச் சொல்லுங்க தாத்தா. நான் கட்டுப்படறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

பக்கத்தில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பூசாரி கூப்பிட்டார். அவள் அரிவாளைக் கீழே போட்டு, குடத்துத் தண்ணீரில் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "எதையாச்சும் ஒண்ணுதானே?" என்று குனிந்தாள்.

நான் எத்தனையோ பயந்திருக்கிறேன். பிரசவத்தில் பயந்திருக்கிறேன். ஒர்க்ஷாப்பில் விபத்து என்று ஆள் வந்து சொன்னபோது பயந்திருக்கிறேன், அது வேறு யாரோ. ஆனால் அந்தக் கை கீழே இறங்கியபோது வந்த பயம் மாதிரி ஒன்று வந்ததில்லை. சிவப்பு வந்தால்? அதைத்தானே கேட்டேன், அதுதானே வேண்டும்? சிவப்பு வந்தால் இவள் சொன்ன சொல்லுக்காக வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். விடிகாலையில் எழுந்து ஓட மாட்டாள். என்னோடு இருப்பாள், சமைப்பாள், சாப்பிடுவாள், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். அந்த வீட்டை நான் அந்த நிமிடம் கண்ணால் பார்த்தேன். வெள்ளை வந்தால் கடலோ எல்லையோ, அந்தப் பயம் பழகிய பயம். இது அதைவிடக் கெட்ட பயமாக இருந்தது.

"எடுக்காத!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பெண் சுட்டது மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். நான் போய் இரண்டு பொட்டலத்தையும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன்.

"என்னம்மா இது, எங்கேயும் இல்லாத வழக்கமா?" என்று பூசாரி கோபப்பட்டார். "கேட்டுட்டு பதில் வேண்டாங்குறியே. ஆத்தாகிட்ட என்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்லீங்க. எனக்குக் கேக்கத் தெரியல. மன்னிக்கச் சொல்லுங்க."

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள். வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

பூசாரி கையை நீட்டினார். பிறகு பொட்டலங்களை வாங்கி, பிரிக்காமலே அம்மன் பீடத்துக்குப் பின்னால் வைத்தார். "காஞ்சு சருகாப் போகட்டும். ஆனா ஒண்ணு. பதில் வாங்காத கேள்வி உம் பேர்ல நிக்குது. இனிமே உன் வீட்டுக்குன்னு இங்க வந்து பூக் கேக்க முடியாது. கல்யாணமோ காட்சியோ, நீங்களேதான் முடிவு பண்ணிக்கணும்."

சரி என்று தலையை ஆட்டினேன். தழை ஒடித்த பெண் போகும்போது மகளைப் பார்த்து, "எங்க போகணும்னு இருக்க ஆயி?" என்று கேட்டாள்.

"பட்டாளத்துக்கு."

"அட! அதுக்கா இத்தனை அமளி? நான் ஏதோ மாப்பிள்ளை விவகாரம்னு நெனச்சேன்" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  மணப்பாறை தாண்டியதும் கேட்டாள்.

"சிவப்பு வந்திருந்தா நான் இருந்திருப்பேன், தெரியுமா?"

"தெரியும். அதான் எடுக்க விடல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே, "கப்பலுக்கே போறேன்ம்மா" என்றாள்.

"ஏன்டி? தரைன்னா சென்னை. பக்கத்துல."

"அதான் பிரச்சனை. தரையில எங்க போட்டாலும் நீ சாம்பார் பொடியும் முறுக்கு டின்னும் தூக்கிட்டு பஸ் ஏறி வந்துருவ. கடல்ல வர முடியாதுல்ல?"

முன் சீட்டில் இருந்த வீட்டுக்காரர் தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு அவள் மெதுவாக, "இன்ஜினைப் பாக்கணும்மா. நெஜம்மா அதான். சின்னதிலேர்ந்து அதான். மத்ததெல்லாம் சும்மா யோசிச்சுப் பாத்தது" என்றாள். அப்படியானால் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் பயந்திருக்கிறாள், எனக்காக.

நேர்முகத் தேர்வுக்கு ரயில் ஏற்றிவிட்டு வந்தோம்.  பாதிப் பேரை முதல் நாளே அனுப்பிவிடுவார்களாம். அன்றைக்கு அவள் போன் வருமோ என்று பயந்தேன். வரவில்லை. வராததற்கும் பயந்தேன். கடைசியில் அவளே வாசலில் வந்து நின்றாள், வெயிலில் கறுத்து, முழங்கையில் சிராய்ப்போடு. தேறிவிட்டாள். பிறகு டாக்டர் சோதனை. அதிலும் தேறினாள். பிறகு ஒருநாள் எடுத்துக்கொண்டவர்கள் பட்டியல் செல்போனில் வந்தது, அதில் அவள் பெயரும் இருந்தது. தெருவுக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். பால் வாங்கும் இடத்தில் அன்றைக்குக் கேட்டவளுக்கு மட்டும் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சேர்வதற்கு முன்னால் ஒரு காகிதம் வந்தது. அப்பா அல்லது அம்மா கையெழுத்துப் போட வேண்டும். இங்கிலீஷில் இருந்தது. "படி" என்றேன். அவள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பயிற்சி, ஒழுங்கு, செலவு. நடுவில் ஓரிடத்தில் குரல் வேகமாக ஓடியது.

"ஒரு வரி தாண்டிட்ட."

"இல்லம்மா."

"உன் வாய நான் பாத்துக்கிட்டே இருக்கேன். தாண்டிட்ட. அதைப் படி."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். படித்தாள். பயிற்சியின்போது அடிபட்டாலோ, கை கால் போனாலோ, உயிரே போனாலோ, அதற்காக அரசாங்கத்தின் மேல் வழக்குக்கோ சண்டைக்கோ வர மாட்டோம் என்று அதில் இருந்தது.

"எல்லாருக்கும் இதே பேப்பர்தாம்மா. சும்மா ஒரு வழக்கம்."

"எல்லாருக்கும் இருக்கட்டும்."

வீட்டுக்காரர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கழற்றிய கை அப்படியே நின்றது. "இங்க குடுங்க" என்று வாங்கினேன். நான் பேர் எழுதுகிறவள், அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதுவேன். கோடு போட்ட இடத்தில் முதல் எழுத்தை வைத்ததும் பேனா நகரவில்லை. அந்த ஒரு வரி என் கண்ணுக்குத் தெரியாது, எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் பேனாவுக்கு அடியில் அது இருப்பது மாதிரியே இருந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மீதி எழுத்துக்களையும் எழுதினேன். கோணாமல் எழுதினேன்.

அவள் காகிதத்தை எடுக்காமல் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, உனக்குப் பயமா இருக்கா?"

இத்தனை நாளில் ஒருவரும் இதை என்னிடம் கேட்டதில்லை. கேட்கும்படி நான் நடந்துகொண்டதுமில்லை.

"ஆமாடி. ரொம்ப."

"எனக்கும்."

 வீட்டுக்காரர் எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். ஒன்றிலும் சர்க்கரை இல்லை. ஒரு வாய் குடித்தும் அவருக்கு அது தெரியவில்லை. நாங்கள் சொல்லாமல் குடித்தோம்.